பொறி வைத்தவர் காட்டாத கணக்கு

பயிருக்கும் கால்நடைக்கும் காட்டு மரத்துக்கும் கேடு செய்யும் உயிர்களைப் பொறி வைத்துப் பிடித்துக் கொல்லும் உரிமையை ஓர் அரசு நிலத்துக்குரியவர்களிடம் ஒப்படைக்கும்போது, அதற்கு ஈடாக அவர்களிடமிருந்து எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற கேள்வியைப் பிரிட்டன் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகப் பல விதமாகக் கையாண்டு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் கொன்ற தலைகளைக் கேட்டது. பிறகு வால்களைக் கேட்டது. இன்றைய இங்கிலாந்தில் காகத்தையும் அதன் இனத்துப் பறவைகளையும் பொறியில் பிடிப்பவரிடம் ஒரு வரிக் கணக்கைக்கூடக் கேட்பதில்லை. கொல்லலாமா கூடாதா என்ற இடத்திலேயே விவாதம் நின்றுவிடுவதால், எத்தனை, எங்கே, எதற்காக, அதனால் விளைந்தது என்ன என்ற அடுத்த கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே போய்விடுகின்றன. அந்த நாட்டின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், பொறி பயன் தந்த இடங்களையும் வீணாய்ப் போன இடங்களையும் பிரிக்கும் கோடு இந்தக் கேள்விகளின் மேல்தான் செல்கிறது.

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1532-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், காகங்களும் அவற்றின் இனப் பறவைகளும் தானியத்தை அழிக்கின்றன என்று கூறி, பாரிஷ் எனப்படும் தேவாலய எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஊரும் அவற்றைப் பிடிப்பதற்கென்று ஒரு வலையை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது; பறவை பிடிப்பது அன்று உரிமையாக இல்லாமல் ஊர்க் கடமையாக இருந்தது. முதலாம் எலிசபெத் காலத்தில் 1566-ல் வந்த தானியப் பாதுகாப்புச் சட்டம் இதை விரிவாக்கி, காகத்தில் தொடங்கி முள்ளெலி வரை நீளும் பட்டியலொன்றை வகுத்து, கொண்டுவரப்படும் தலைக்கும் முட்டைக்கும் இன்ன விலை என்று நிர்ணயித்து, அதை வழங்கும் பொறுப்பைத் தேவாலயக் காப்பாளர்களிடம் விட்டது. பட்டியலின் அறிவு அந்தக் காலத்தின் அறிவுதான்: இரவில் படுத்திருக்கும் பசுவின் மடியில் முள்ளெலி பால் குடித்துவிடுகிறது என்ற நம்பிக்கையே அதன் தலைக்கு விலை வைக்கப் போதுமானதாக இருந்தது. ஆயினும் கொடுத்த காசுக்குக் கணக்கு எழுத வேண்டியிருந்தமையால், எந்த ஊரில் எந்த ஆண்டில் எத்தனை தலைகள் வந்து சேர்ந்தன என்பது ஏடுகளில் பதிவாயிற்று. ரோஜர் லவ்குரோவ் 2007-ல் வெளியிட்ட 'சைலன்ட் ஃபீல்ட்ஸ்' என்ற நூல், இத்தகைய ஊர்க் கணக்குகளைத் திரட்டியே பிரிட்டனின் காட்டுயிர்கள் அழிக்கப்பட்ட நெடிய வரலாற்றைச் சொல்கிறது. மூட நம்பிக்கையின் மேல் எழுந்த ஒரு சட்டம் ஆராய்ச்சிக்கு உதவும் ஆவணத்தை விட்டுச் சென்றிருக்க, அறிவியலின் துணையோடு எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் இன்றைய உரிமம் எதையும் விட்டுச் செல்வதில்லை என்பது வேடிக்கைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பணி ஊராரின் கையிலிருந்து பெருநிலக்கிழார்களின் சம்பளக்காரர்களான வேட்டைக் காவலர்களின் கைக்கு மாறியது. வேட்டைக் காவலர் என்போர், எசமானரும் விருந்தினரும் சுட்டு மகிழ்வதற்கான கௌதாரியையும் ஃபெசன்ட் கோழியையும் வளர்த்துப் பெருக்கும் பொறுப்புடையவர்கள். அவற்றைத் தின்னக்கூடிய எதுவும் அவர்கள் பார்வையில் பகையாயிற்று. அவர்களின் முதன்மைக் கருவி, மிதித்தவுடன் பற்களுடைய இரு இரும்புத் தாடைகள் பாய்ந்து காலைக் கவ்வும் ஜின் பொறி. அது கொல்வதில்லை, காலுடைந்த விலங்கைக் காவலர் வரும்வரை பிடித்து வைத்திருக்கும். அதையே ஒரு கம்பத்தின் உச்சியில் பொருத்தினால், உயரமான இடத்தில் அமர்ந்து சுற்றிலும் நோக்கும் பழக்கமுடைய பருந்தும் ஆந்தையும் அதில் சிக்கித் தலைகீழாகத் தொங்கும். இந்தக் கம்பப் பொறி 1904-லேயே தடைசெய்யப்பட்டது. அதற்குள் செம்பருந்து இனமொன்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அற்றுப்போயிருந்தது. பைன் மார்ட்டன் என்னும் மரமேறும் சிறு ஊனுண்ணி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நீலகிரி மார்ட்டனின் நெருங்கிய உறவு, பிரிட்டனின் பெரும்பகுதியிலிருந்து மறைந்து வடக்கு ஸ்காட்லாந்தின் மலைகளில் ஒடுங்கியது. இந்த இழப்பின் முழு விலை நூறாண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

எது கேடு செய்யும் உயிர் என்பதும் நிலையானதன்று. இன்று பிரிட்டனின் செல்லப் பிராணிபோல் போற்றப்படும் செவ்வணில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைன் மரங்களின் பட்டையைக் கடித்துக் கெடுக்கும் பகையாகக் கருதப்பட்டது. அதை ஒழிப்பதற்கென்றே 1903-ல் ஸ்காட்லாந்தின் வடபகுதி நிலவுடைமையாளர்கள் 'ஹைலண்ட் அணில் சங்கம்' ஒன்றை நிறுவி, வாலுக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்து, முதல் முப்பது ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செவ்வணில்களைக் கொன்றார்கள். அதே காலத்தில்தான் அந்த அணிலை உண்மையிலேயே அழிக்கவிருந்த இன்னொரு அணில் தெற்கே கூடைகூடையாகப் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்தது.

சாம்பல் அணில் (இது ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் காணப்படும் சாம்பல் நிற மலையணில் அன்று) வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. 1876-ல் செஷயரிலுள்ள ஹென்பரி பூங்காவில் அலங்காரத்துக்காக விடப்பட்டதாகப் பதிவாகியுள்ள அது, பிறகு பெட்ஃபோர்ட் கோமகனின் ஓபர்ன் பண்ணையிலிருந்து நாட்டின் பல மூலைகளுக்கும் அன்பளிப்பாக அனுப்பப்பட்டது. 1911-ல் அயர்லாந்தின் லாங்ஃபோர்டு மாவட்டத்திலுள்ள ஒரு கோட்டைக்குத் திருமணப் பரிசாகவே ஒரு கூடை அணில்கள் போய்ச் சேர்ந்தன. கொண்டுவருவதையும் வளர்ப்பதையும் தடைசெய்யும் ஆணை 1937-ல் வந்தபோது, தடுப்பதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. 2018-ல் வெளியான மதிப்பீடு ஒன்று சாம்பல் அணில்களின் எண்ணிக்கையைச் சுமார் 27 லட்சம் என்றும், செவ்வணில்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு, அவற்றிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் என்றும் கூறியது.

இந்த வேற்றுநாட்டு அணில் உடல் எடையில் செவ்வணிலைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. முற்றாத ஓக் கொட்டைகளைச் செரிக்கும் திறனும் அதற்குக் கூடுதல் என்பதால், அகன்ற இலை மரக்காடுகளில் உணவுப் போட்டியில் எளிதாக வெல்கிறது. இதனினும் கொடியது, தனக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத அணில் அம்மை வைரஸை அது சுமந்து திரிவது. அந்த நோய் தொற்றிய செவ்வணில் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் இறந்துபோகிறது. காடு வளர்ப்போரின் குறை வேறு. ஏப்ரல் இறுதி முதல் ஜூலை வரை பத்து முதல் நாற்பது வயதுக்குட்பட்ட பீச், ஓக், சைக்கமோர் மரங்களின் பட்டையை உரித்து, அதன் அடியிலுள்ள ஃபுளோயம் என்னும் உணவு கடத்தும் திசுவை இந்த அணில் சுரண்டித் தின்கிறது. தண்டைச் சுற்றி முழு வளையமாக உரிக்கப்பட்டால் அதற்கு மேலுள்ள பகுதி பட்டுப்போகும், பாதி உரிக்கப்பட்டால் காயத்தில் பூஞ்சை ஏறி மரம் விலைபோகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதனால் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு இழப்பு என்று ராயல் ஃபாரஸ்ட்ரி சொசைட்டி 2021-ல் மதிப்பிட்டது. இத்தகைய இழப்பைச் சந்திப்பவரிடம் பொறி வைக்காதே என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஆனால் எப்படி வைப்பது என்பதில் பிரிட்டன் தடுமாறிய விதம் பாடமாக அமையத்தக்கது.

1953-ல் அரசு சாம்பல் அணில் வாலொன்றுக்கு ஒரு ஷில்லிங் பரிசு அறிவித்தது. பின்னர் அது இரண்டு ஷில்லிங்காக உயர்ந்தது. 1958-ல் திட்டம் கைவிடப்படுவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வால்களுக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தது. அணில்களின் பரவலோ தடையின்றித் தொடர்ந்தது. இதன் காரணம் பரிசுத் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வாலுக்குப் பணம் என்றால், எங்கே அணில் மலிந்து எளிதில் அகப்படுகிறதோ அங்கேயே மக்கள் பிடிப்பார்கள். அடுத்த ஆண்டும் பிடிக்க வேண்டும் என்பதால் கடைசி அணிலைத் தேடிப் பிடிக்க எவருக்கும் ஊக்கம் இராது. ஆண்டுக்கு இரு முறை ஈனக்கூடிய, காலியான இடத்தைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்து சில வாரங்களில் நிரப்பிவிடக்கூடிய ஓர் உயிரைப் பொறுத்தவரை, இப்படிப்பட்ட அறுவடை அதன் இயல்பான இறப்புக்கு மாற்றாக அமையுமே தவிர அதற்கு மேலானதாக அமையாது. வால்களை எண்ணியவர்கள் மரங்களை எண்ணவில்லை. எந்தக் காட்டில் பட்டை உரிப்பு குறைந்தது, எந்தக் காட்டில் செவ்வணில் திரும்பியது என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

அதே 1958-ல்தான், 1954-ஆம் ஆண்டின் தீங்குயிர்கள் சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜின் பொறி தடைக்கு உள்ளானது. ஸ்காட்லாந்தில் அது மேலும் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. அன்று முதல் அங்கீகரிக்கப்பட்ட வில்விசைப் பொறிகளை மட்டுமே, அதாவது அரசு சோதித்துப் பட்டியலிட்ட, கழுத்திலோ மார்பிலோ அடித்து விரைவில் கொல்லும் பொறிகளை மட்டுமே, பட்டியலில் கண்ட விலங்குகளுக்கு வைக்கலாம். உயிரோடு பிடிக்கும் கூண்டுப் பொறியோ வேறு வகைப் பொறுப்பைச் சுமத்துகிறது. அனுபவமுள்ள காட்டுப் பணியாளர் அந்தக் கம்பிவலைக் கூண்டை மரத்தடியில் வைத்து, இலையாலும் புல்கரணையாலும் மூடி, கதவைத் திறந்த நிலையிலேயே கட்டிவிட்டு, சில நாள்கள் முழு மக்காச்சோளத்தை உள்ளும் வெளியும் தூவி வருவார். சாம்பல் அணில் சோளமணியின் முளைப்பகுதியை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மற்றதைப் போட்டுவிடும். அப்படிக் குறைபட்ட மணிகள் கூண்டுக்குள்ளேயே கிடக்கக் கண்டால், அணில் அச்சமின்றி உள்ளே வந்துபோகிறது என்று அறிந்து அன்றுதான் கதவைப் பொறியில் பூட்டுவார். செவ்வணில் வாழும் பகுதியாக இருந்தால், தவறி விழுந்த செவ்வணிலை உடனே விடுவிக்க வேண்டும்; ஒரு கூண்டின் வழியாக அம்மை பரவாமல் இருக்க ஒவ்வொரு பிடிப்புக்குப் பின்னும் கூண்டைக் கிருமிநீக்கியில் கழுவ வேண்டும்.

பிடிபட்ட சாம்பல் அணிலை மீண்டும் வெளியே விடுவது சட்டப்படி குற்றம். ஆகவே கூண்டை வைத்தவரே அதைக் கொல்லவும் வேண்டும். கொல்வதும் வேதனையின்றி நிகழ வேண்டும். கூண்டில் அகப்பட்ட கணத்திலிருந்து அந்த விலங்கு மனிதரின் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கொள்ளப்படுவதால், 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் அதற்கும் பொருந்தும். வீட்டுத் தோட்டத்தில் பிடித்த சாம்பல் அணிலைக் கூண்டோடு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் கொன்ற ஒருவர் 2010-ல் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு உள்ளாகி, நிபந்தனையோடு விடுவிக்கப்பட்ட நிலையிலும் 1,500 பவுண்டுக்கு மேல் வழக்குச் செலவு கட்ட நேர்ந்தது. கொல்லச் சொல்லும் சட்டமும் கொன்றவரைக் கூண்டில் ஏற்றும் சட்டமும் ஒரே நாட்டில் இருப்பது முரண் என்று அப்போது சிலர் கேலி பேசினார்கள். முரண் ஏதும் இல்லை: கொல்வதற்கான காரணம் நியாயமானதா என்பதும் கொல்லும் முறை நியாயமானதா என்பதும் தனித்தனியே விடை காண வேண்டிய கேள்விகள், முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தமையால் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடாது.

பொறி தன் வேலையை முழுமையாகச் செய்த இடம் ஒன்றைக் காட்ட வேண்டுமானால் அது வேல்ஸின் வடமேற்கு முனையிலுள்ள ஆங்கிள்சி தீவு. சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இந்தத் தீவை மெனாய் நீரிணை பெருநிலத்திலிருந்து பிரிக்க, அதன் மேலுள்ள இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. சாம்பல் அணில் 1960-களில் அங்கே வந்து சேர்ந்தது. 1998-ல் தீவு முழுவதிலும் ஒரே காட்டில் நாற்பதுக்கும் குறைவான செவ்வணில்களே எஞ்சியிருந்த நிலையில், கிரேக் ஷட்டில்வொர்த் போன்ற ஆய்வாளர்களின் வழிகாட்டலில் சாம்பல் அணில்களை முற்றாக அகற்றும் முயற்சி தொடங்கியது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பல் அணில்கள் கூண்டுப் பொறிகளில் பிடிபட்டன. செவ்வணில்கள் சுமார் எழுநூறாகப் பெருகின. வால் பரிசுத் திட்டம் பத்து லட்சம் அணில்களைக் கொன்று சாதிக்காததை ஆறாயிரத்தைக் கொண்டு இங்கே சாதிக்க முடிந்ததற்கு, எல்லை வகுக்கப்பட்ட இடம், முடிவு வகுக்கப்பட்ட இலக்கு, பிடித்த எண்ணிக்கையோடு மிஞ்சிய எண்ணிக்கையையும் திரும்பி வந்த செவ்வணிலையும் தொடர்ந்து பதிவு செய்தமை ஆகியவையே காரணம். பிடித்த அணில்களின் இரத்தத்தில் அம்மை வைரஸுக்கான எதிர்ப்பொருளைச் சோதித்து, எண்ணிக்கை குறையக் குறைய நோயின் தடமும் குறைந்ததை அங்கே கண்டறிந்தார்கள். இந்த வெற்றிக்கும் காவல் தேவைப்படுகிறது: நீரிணைக்கு அப்பாலுள்ள குவினெத் பகுதியில் 2020-21 குளிர்காலத்தில் அணில் அம்மை பரவி அங்குள்ள செவ்வணில்களைப் பெருமளவில் கொன்றது.

பறவைகளைப் பிடிக்கும் பொறியின் கதை இதனினும் சிக்கலானது, ஏனெனில் அங்கே கொல்லப்படுபவை வேற்றுநாட்டிலிருந்து வந்தவை அல்ல. கிராமப்புற பிரிட்டனில் காக இனப் பறவைகளுக்கு மிகுதியாக வைக்கப்படுவது லார்சன் பொறி. 1950-களில் டென்மார்க்கைச் சேர்ந்த லார்சன் என்ற வேட்டைக் காவலர் வகுத்த இந்தக் கூண்டு 1980-களின் இறுதியில் பிரிட்டனுக்குப் பரவியது. கூண்டின் ஓர் அறையில் உயிருள்ள ஒரு மேக்பை (வால்காக்கையைப் போன்று நீண்ட வாலுடைய, கறுப்பும் வெள்ளையுமான பறவை) அடைக்கப்பட்டிருக்கும். நம் வேடர்கள் கௌதாரி பிடிக்கப் பயன்படுத்தும் பார்வைப் பறவைக்கு ஒப்பான வேலைதான் அதற்கும். இளவேனிற்காலத்தில் ஒவ்வொரு மேக்பை இணையும் தனக்கென ஓர் எல்லையைக் காத்து நிற்பதால், தன் எல்லைக்குள் அந்நியப் பறவையொன்று கூவுவதைக் கேட்டவுடன் அதை விரட்டுவதற்காக இறங்கி வரும். பக்கத்து அறையின் மேல் திறந்திருக்கும் கதவுக்குக் குறுக்கே, நடுவில் பிளந்த ஒரு குச்சி நிறுத்தப்பட்டிருக்கும்; அதில் கால் வைத்ததும் குச்சி முறிந்து விலக, பறவை உள்ளே விழ, சுருள்கம்பி கதவை இழுத்து மூடும். மறுநாள் அதன் இணையும் அதே வழியில் வரும். பசியை ஏய்க்கும் பொறிகளிலிருந்து இது வேறுபடுவது, கூடுகட்டும் காலத்து எல்லைக் காப்புணர்வையே இரையாக வைப்பதில்தான். அதனாலேயே சில வாரங்களுக்கு மட்டும் மிகக் கூர்மையாக வேலை செய்யும்.

உரிமத்தின் நிபந்தனைகள் இந்தக் கூண்டுக்குள் நிகழ வேண்டியவற்றை நுணுக்கமாகச் சொல்கின்றன. பார்வைப் பறவைக்கு உணவும் நீரும் நிழலும் அமர்வதற்குக் கிளையும் இருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கூண்டைப் போய்ப் பார்க்க வேண்டும். பிடிபட்ட பறவையை மற்றப் பறவைகளின் கண்ணில் படாமல் விரைவாகக் கொல்ல வேண்டும். தவறி விழுந்த வேறு பறவையை உடனே விடுவிக்க வேண்டும். பயன்படுத்தாத காலத்தில் எதுவும் சிக்காதபடி கூண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். கூண்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நிபந்தனைகள், அந்தக் கூண்டு அந்த வயலில் ஏன் நிற்கிறது என்பதைப் பற்றி நெடுங்காலம் கவலைப்படாமலே இருந்தன.

1981-ஆம் ஆண்டின் காட்டுயிர், ஊரகச் சட்டம் எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பயிரைக் காத்தல், பொதுச் சுகாதாரம், பிற உயிர்களின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கை ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்துப் பெறாமல், அரசின் இணையதளத்தில் வெளியிடப்பட்ட ஒரு பத்திரத்தை எவரும் பின்பற்றிச் செயல்படலாம் என்பதே பொது உரிமம். பெயரைப் பதியவும் வேண்டாம், கொன்ற எண்ணிக்கையை அறிவிக்கவும் வேண்டாம். வேறு தகுந்த வழி இல்லை என்று உரிமம் வழங்கும் அதிகாரமே முதலில் மனநிறைவு கொள்ள வேண்டும் என்று சட்டம் கூறியிருக்க, இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அந்த முடிவைத் துப்பாக்கியும் கூண்டும் வைத்திருப்பவரிடமே விட்டிருந்தது. கிறிஸ் பேக்கம், மார்க் ஏவரி, ரூத் டிங்கே ஆகிய மூவர் தொடங்கிய 'வைல்ட் ஜஸ்டிஸ்' அமைப்பு இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி வழக்குக்கு ஆயத்தமானதும், 2019 ஏப்ரல் 25 அன்று பதினாறு பறவையினங்களுக்கான மூன்று பொது உரிமங்கள் ஒரேயடியாகத் திரும்பப் பெறப்பட்டன.

அது ஆடுகள் ஈனும் பருவம். ஈன்ற ஆட்டுக்குட்டியின் கண்ணையும் நாக்கையும் காகம் கொத்துவது அங்குள்ள மேய்ப்பர்கள் கண்கூடாகக் காணும் துயரம். விதைத்த வயல்களில் புறாக்கள் இறங்கும் காலமும் அதுவே. முன்னறிவிப்பின்றி உரிமத்தைப் பறித்தது அவர்களுக்கு இழைத்த அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோபம் பேக்கமின் வீட்டு வாயிற்கதவில் செத்த காகங்களைக் கட்டித் தொங்கவிட்டதாக வெளிப்பட்டபோது, வாதம் எங்கோ வழிதவறிவிட்டது தெரிந்தது. பொறுப்பை அமைச்சர் மைக்கேல் கோவ் தம் கைக்கு எடுத்துக்கொண்டு, ஜூன் மாதம் புதிய உரிமங்களை வெளியிட்டார். அவற்றில் எந்தப் பறவையை எந்த நோக்கத்துக்காகக் கொல்லலாம் என்பது முன்னினும் தெளிவாகப் பிரிக்கப்பட்டது. கணக்குக் கேட்கும் வழக்கம் மட்டும் திரும்பவில்லை. இந்தியாவிலிருந்து கூண்டுப் பறவையாகச் சென்று தப்பிப் பெருகி, லண்டனின் பூங்காக்களிலும் தென்கிழக்கு இங்கிலாந்தின் பழத்தோட்டங்களிலும் கூச்சலிட்டுத் திரியும் நம் பச்சைக்கிளியும் 2010 முதல் இந்த உரிமப் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் கணக்கு இல்லை.

காக இனத்தைப் பிடிப்பதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு அறிவியல் ஒற்றை விடை தரவில்லை. அது இடத்துக்கும் பறவைக்கும் ஏற்ப மாறுகிறது என்பதே விடை. மேக்பை பெருகியதால்தான் பாடும் சிறு பறவைகள் குறைந்தன என்ற பரவலான நம்பிக்கையைப் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் நீண்டகாலக் கணக்கெடுப்புகளைக் கொண்டு 1990-களில் சோதித்த ஆய்வுகள், அவ்விரண்டுக்கும் தொடர்பு காணவில்லை. களைக்கொல்லி, இலையுதிர்கால விதைப்பு, வேலிப் புதர்களின் அழிவு என்று வேளாண்மையின் மாற்றங்களே முதன்மைக் காரணங்களாகத் தெரிந்தன. தரையில் கூடுகட்டும் பறவைகளின் நிலை வேறு. சாலிஸ்பரி சமவெளியில் 1980-களின் பிற்பாதியில் நடந்த சோதனையில், நரியையும் காகத்தையும் மேக்பையையும் கூடுகட்டும் காலத்தில் கட்டுப்படுத்திய நிலப்பகுதியில் கௌதாரியின் இனப்பெருக்க எண்ணிக்கை மூன்றாண்டுகளில் 2.6 மடங்காயிற்று, பின்னர் அந்த நிலத்தையும் கட்டுப்படுத்தாமல் விட்ட ஒப்பீட்டு நிலத்தையும் இடம்மாற்றிச் சோதித்தும் அதையே கண்டார்கள். நார்த்தம்பர்லண்டின் ஆட்டர்பர்ன் மேட்டு நிலத்தில் 2000 முதல் 2008 வரை நடந்த இன்னொரு சோதனையில், ஆள்காட்டி, உப்புக்கொத்தி, நீண்டு வளைந்த அலகுடைய கர்லூ ஆகியவற்றின் குஞ்சு வளர்ப்பு வெற்றி ஏறத்தாழ மும்மடங்காயிற்று. பறவைப் பாதுகாப்புக்கென்றே உள்ள ஆர்.எஸ்.பி.பி. அமைப்பும் தன் சரணாலயங்கள் சிலவற்றில் காகங்களைக் கொல்கிறது; எத்தனை என்பதைத் தானே முன்வந்து வெளியிட்டும் வந்திருக்கிறது. பறவை நேசர்களின் கையில் பொறியா என்று நையாண்டி செய்வோர், கணக்கை வெளியில் வைத்த நிறுவனத்தை மட்டுமே தாங்கள் நையாண்டி செய்ய முடிகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

இந்த வரலாற்றின் மிகக் கூர்மையான திருப்பம் பைன் மார்ட்டனின் வருகை. வேட்டைக் காவலர்களின் ஜின் பொறி பெரும்பாலும் ஒழித்துக்கட்டிய இந்த விலங்கு சட்டப் பாதுகாப்பு பெற்று அயர்லாந்தில் மெல்லப் பெருகியபோது, திருமணப் பரிசாக வந்த கூடையிலிருந்து பரவிய சாம்பல் அணில்கள் நடு அயர்லாந்தின் காடுகளிலிருந்து மறையத் தொடங்கின, செவ்வணில்கள் திரும்பி வந்தன. எம்மா ஷீஹியும் உடனாய்வாளர்களும் 2014-ல் அயர்லாந்தைப் பற்றியும் 2018-ல் ஸ்காட்லாந்தைப் பற்றியும் வெளியிட்ட ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. மார்ட்டனோடு பன்னெடுங்காலம் வாழ்ந்து பழகிய, உடல் மெலிந்த செவ்வணில் அதனிடமிருந்து தப்பத் தெரிந்துவைத்திருக்க, தரையில் மிகுதியாக உலவும் பருத்த வேற்றுநாட்டு அணில் எளிதில் அகப்பட்டுவிடுகிறது என்று கருதப்படுகிறது. 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து ஐம்பத்தொரு மார்ட்டன்கள் கூண்டுகளில் பிடிக்கப்பட்டு நடு வேல்ஸில் விடப்பட்டன. பொறியால் துரத்தப்பட்ட விலங்கைப் பொறியாலேயே பிடித்துத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. எனினும் மார்ட்டன் எல்லா இடத்துக்கும் மருந்தாகாது. காடு தொடர்ச்சியாக இல்லாத, ஊர்களும் தோட்டங்களும் மிகுந்த தென் இங்கிலாந்தில் அது வேரூன்றக் காலம் பிடிக்கும். ஹேசல் கொட்டைப் பசையில் கருத்தடை மருந்தைக் கலந்து, சாம்பல் அணிலின் எடைக்கு மட்டும் திறக்கும் கதவுள்ள உணவுப் பெட்டியில் வைக்கும் ஆய்வும் நடைபெற்று வருகிறது. அது பயன்பாட்டுக்கு வரும்வரையும் அதற்குப் பின்னும் கூண்டுப் பொறி காடுகளில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

எனவே செய்யத்தக்கது தடையும் அன்று, இப்போதுள்ள கேள்விமுறையற்ற தாராளமும் அன்று. ஸ்காட்லாந்து இதில் சற்று முன்னே நிற்கிறது: அங்கே பொது உரிமத்தின்கீழ் வைக்கப்படும் காகக் கூண்டுகள் பதிவு எண் தாங்கிய தகட்டோடுதான் நிற்க வேண்டும், 2024-ல் நிறைவேறிய காட்டுயிர் மேலாண்மைச் சட்டம், சிலவகைப் பொறிகளை வைப்போர் பயிற்சியும் உரிமமும் பெற வழிவகுத்தது. இங்கிலாந்தில் வயலோரக் கூண்டில் பருந்தொன்று அடைபட்டிருக்கக் காணும் வழிப்போக்கர் காவல்துறையை அழைக்கலாம். அது யாருடைய கூண்டு என்று சொல்ல அவரிடம் எண் எதுவும் இராது. அங்கும் ஒவ்வொரு கூண்டுக்கும் ஓர் எண்ணும், ஆண்டுக்கு ஒரு முறை எந்த இனம், எத்தனை, எந்த மாதங்களில், எதைக் காப்பதற்காக, தவறி விழுந்தவை எவை, காக்கப்பட்டது உண்மையில் மீண்டதா என்று நிரப்பித் தரும் ஒரு படிவமும் கட்டாயமாக வேண்டும். இது விவசாயியின் மேல் ஏற்றப்படும் காகிதச் சுமை என்ற மறுப்பு எழும். நாளுக்கு ஒரு முறை கூண்டைப் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே பணித்திருக்கிறது. போய் நின்ற இடத்தில் ஒரு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.